நான்கு மாதம், ஐந்து லட்சம்: பிரெஞ்சு வணிகப் பள்ளியில் ஒரு பரிமாற்றப் பருவம்

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளுடன் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு வைப்புநிதி ரசீது. முதிர்வுக்கு இன்னும் 14 மாதங்கள் இருந்தன. அதை முன்கூட்டியே முடித்துத் தொகையைத் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. காரணத்தைக் கேட்டபோது மகள் விடை சொன்னார். மேலாண்மைப் படிப்பில் முதலாண்டு முடித்திருக்கிறார். இரண்டாம் ஆண்டின் ஒரு பருவத்தை, வடக்கு பிரான்சின் லில் நகரிலுள்ள ஒரு வணிகப் பள்ளியில் பரிமாற்ற மாணவியாகப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவித்தாக வேண்டும். தந்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சார், அங்கே கட்டணமே கிடையாது என்கிறாள். கட்டணம் இல்லையென்றால் ஐந்து லட்சம் எதற்கு?"

நியாயமான கேள்வி. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் இதே கேள்வியோடு பெற்றோர் பலர் வருகிறார்கள். ஆகவே அன்று அவரிடம் சொன்னவற்றையும், அதன்பின் நடந்தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

பரிமாற்றம் என்னும் பண்டமாற்று

மாணவர் பரிமாற்றம் என்பது இரு கல்வி நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் பண்டமாற்று. இங்கிருந்து ஒருவர் அங்கே போனால், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். இருவரும் தத்தம் சொந்த நிறுவனத்துக்கே கட்டணம் செலுத்துவார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்குத் தனியாகக் கட்டணம் இல்லை என்று அந்தப் பெண் சொன்னது இதனால்தான் உண்மை. இடங்கள் மிகக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். போவோர் எண்ணிக்கையும் வருவோர் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சம்மதம் தெரிவிக்க ஒரு வாரம் மட்டும் தருவதில் வியப்பில்லை.

பிரான்சின் வணிகப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே வளர்ந்தவை. பாரிஸில் இ.எஸ்.சி.பி. 1819இல் தொடங்கப்பட்டது. அந்நகரின் வர்த்தக சபை 1881இல் எச்.இ.சி. பள்ளியை நிறுவியது. எசெக் 1907இல் வந்தது. 'கிராண்ட் எகோல்' என்று அழைக்கப்படும் இவ்வகைப் பள்ளிகளில் சேர, பிரெஞ்சு மாணவர்கள் பள்ளி இறுதிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் ஆயத்த வகுப்பில் கடுமையாகப் படித்துப் போட்டித் தேர்வு எழுதுகிறார்கள். நம் ஊர்ப் பயிற்சி மையங்களை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளை விளக்க வேண்டியதில்லை. சேர்ந்த பின்னர், பெரும்பாலான பள்ளிகளில், ஒரு பருவமாவது வெளிநாட்டில் கழிப்பது பாடத்திட்டத்தின் பகுதி. அவர்களுக்கு வெளிநாட்டு இடங்கள் தேவை, நமக்கும் தேவை. அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள் நெடுங்காலமாகவே பிரெஞ்சுப் பள்ளிகளுடன் இத்தகைய ஒப்பந்தங்கள் வைத்திருக்கின்றன. இன்று இன்னும் பல மேலாண்மை நிறுவனங்களும் அவ்வாறே.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பரிமாற்றப் பருவத்தின் முடிவில் பிரெஞ்சுப் பள்ளியின் பட்டம் கிடைக்காது. படித்த பாடங்கள், பெற்ற மதிப்பெண்கள் அடங்கிய ஒரு சான்று மட்டுமே கிடைக்கும். அந்தச் சான்றைக் கொண்டு சொந்த நிறுவனம் அந்தப் பருவத்தை ஏற்றுக்கொள்ளும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மும் எசெக்கும் சேர்ந்து நடத்துவது போன்ற இரட்டைப் பட்டத் திட்டங்கள் வேறு வகை; அவற்றின் காலமும் செலவும் வேறு. உறவினர்களிடம் 'மகள் பிரான்சில் எம்.பி.ஏ. படிக்கிறாள்' என்று சொல்லும் ஆசை இயல்பானதுதான். கடன் விண்ணப்பத்தில் அவ்வாறு எழுதிவிட்டால்தான் சிக்கல்.

பாதிக்கு மேல் வகுப்புக்கு முன்பே

அன்று ஒரு வெற்றுத்தாளை எடுத்து மூவரும் கணக்குப் போட்டோம். கணக்கு எளிமையாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம்.

லில் நகரில் ஒரு சிறிய அறைக்கு மாதம் 600 யூரோ என்று எடுத்துக்கொண்டோம். பாரிஸில் இது கணிசமாகக் கூடும். உணவு, போக்குவரத்து, தொலைபேசி, இதர செலவு 400. ஆக மாதம் 1,000 யூரோ. நான்கு மாதத்துக்கு 4,000 யூரோ, அதாவது 4 லட்சம். விமானப் பயணம் போகவர ஏறத்தாழ 70,000 ரூபாய். விசா, அதற்கான பதிவுகள், காப்பீடு ஆகியவற்றுக்கு 30,000. மொத்தம் 5 லட்சம். தந்தை கேட்டிருந்த தொகை இதுதான். அவருடைய கணக்கில் தவறு எதுவும் இல்லை.

ஆனால் அந்த 5 லட்சம் எப்போது தேவை என்பதை அவர் கணக்கிடவில்லை. பொருள்கள் உள்ள வீட்டுக்கு பிரான்சில் இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம் என்பது சட்டம். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகிய நமக்கு இது சிறு தொகையாகத் தோன்றும். என்றாலும் 1,200 யூரோ என்பது 1,20,000 ரூபாய். முதல் மாத வாடகை 60,000. முதல் மாதச் செலவுக்கு 40,000. இவற்றோடு விமானச் சீட்டையும் விசாச் செலவையும் கூட்டினால் 3,20,000 ரூபாய். முதல் வகுப்பில் போய் உட்காருவதற்கு முன்பே இத்தனையும் கையைவிட்டுப் போயிருக்கும். மீதமுள்ள மூன்று மாதங்களுக்கு 3 லட்சம் போதும். ஆக, செலவு 5 லட்சம்தான். ஆனால் திரட்ட வேண்டியது 6,20,000. அதில் 1,20,000 திரும்பி வரும், மகள் ஊருக்கு வந்து சேர்ந்த பின்னர்.

பரிமாற்றப் பருவத்தில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். மொத்தத் தொகையைத் தாங்கக்கூடிய குடும்பம்கூட ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்து குவியும் பாதித் தொகைக்காக அவசரக் கடன் வாங்கிவிடுகிறது.

விசாவும் இந்த விஷயத்தில் ஒரு தவறான நிம்மதியைத் தந்துவிடுகிறது. பிரெஞ்சு மாணவர் விசாவுக்கு மாதம் 615 யூரோ என்ற கணக்கில் நிதி ஆதாரம் காட்டுவது நெடுநாளைய நடைமுறை. நான்கு மாதத்துக்கு 2,460 யூரோ. அந்த அளவு கையில் இருந்தால் போதும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அது அந்நாட்டு அரசு விசாவுக்காக வகுத்த கீழ்வரம்பு. வீட்டு உரிமையாளருக்கும் அந்த எண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

90 நாட்களுக்கு மேல் தங்குவதற்கு நீண்டகால விசா வேண்டும். முதலில் காம்பஸ் பிரான்ஸ் வழியாக இணையத்தில் பதிவு. அதன் பின்னரே விசா விண்ணப்பம். கையில் வந்த விசாவின் மீது எழுதியிருப்பதைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். ஒருவகை விசாவை, பிரான்சுக்குள் நுழைந்த மூன்று மாதங்களுக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். குறுகிய படிப்புக்குத் தரப்படும் தற்காலிக வகைக்கு இந்த உறுதிப்படுத்தல் தேவையில்லை. ஆனால் அதில் சில சலுகைகள் கிடைக்காமல் போகலாம்.

வைப்புநிதியை என்ன செய்தோம்

நிரந்தரச் செலவுக்கு நீண்டகாலக் கடன், தற்காலிகத் தேவைக்குக் குறுகியகாலக் கடன் என்பது வணிகவியல் முதலாண்டுப் பாடம். அதையே இங்கும் கடைப்பிடித்தோம்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுப் படிப்புக்காக எங்கள் கிளையிலேயே கல்விக் கடன் இருந்தது. பரிமாற்றப் பருவம் அந்தப் படிப்பின் ஒரு பகுதி. படிப்பை முடிக்கத் தேவையான பயணச் செலவும் இதர செலவுகளும் கல்விக் கடனுக்குள் வரக்கூடியவை. சொந்த நிறுவனத்தின் கடிதம், பிரெஞ்சுப் பள்ளியின் ஏற்புக் கடிதம், செலவு மதிப்பீடு ஆகிய மூன்றையும் வைத்துக் கூடுதல் கடன் கோரலாம். ஒப்புதல் தானாக வந்துவிடாது; எவ்வளவு, என்ன பிணை என்பது முதலில் பெற்ற கடனின் அளவைப் பொறுத்தது. ஆயினும் தனிநபர் கடனைவிட வட்டி குறைவு. பழைய வருமான வரி முறையைத் தெரிவு செய்திருப்பவர்களுக்கு அந்த வட்டிக்கு விலக்கும் உண்டு. செலவின் பெரும்பகுதியை இவ்வழியில் ஏற்பாடு செய்தோம். இதற்கும் நாட்கள் ஆகும். ஏற்புக் கடிதம் கிடைத்த அன்றே கிளைக்கு வந்துவிடுவது நல்லது. ஆகஸ்ட் 20ஆம் தேதி வந்து 'மறுநாள் விமானம்' என்று சொன்னவரும் உண்டு.

திரும்பி வரக்கூடிய 1,20,000 ரூபாய்க்கு மட்டும் வைப்புநிதி பயன்பட்டது, உடைக்காமலே. ரசீதின் பேரில் கடன் பெற்றால், பொதுவாக அந்த வைப்புநிதி ஈட்டும் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும், அதுவும் பயன்படுத்திய தொகைக்கும் நாட்களுக்கும் மட்டுமே. முன்கூட்டியே முடித்திருந்தால் அபராத வட்டியும் போயிருக்கும், பழைய வட்டி விகிதமும் போயிருக்கும். தந்தையின் முகம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தது. அந்த ரசீது மகனின் கல்லூரிச் செலவுக்காக வைத்திருந்தது என்பதை அதுவரை அவர் சொல்லவில்லை.

பணம் அனுப்பும்போது

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பரிமாற்ற மாணவர் யாரும் அந்த வரம்பை நெருங்கப் போவதில்லை. கவனம் வேண்டியது நோக்கக் குறியீட்டில்தான். ஏ2 படிவத்தில், கட்டணம், விடுதி உள்ளிட்ட கல்விப் பயணச் செலவுக்கு ஒரு குறியீடு; குடும்பப் பராமரிப்புக்கு வேறொன்று. மகளின் மாதச் செலவுக்கு அனுப்பும் தந்தை, 'குடும்பத்துக்குத்தானே' என்று இரண்டாவதைக் குறித்துவிடுவார். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி வசூல் இல்லை. தகுதியுள்ள கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு அந்த வரம்புக்கு மேலும் இல்லை. ஆனால் சொந்தப் பணத்தில் 10 லட்சத்தைத் தாண்டினால், கல்விக்கு ஒரு விகிதம். மற்ற நோக்கங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. பயணச் சீட்டும் அன்றாடச் செலவும்கூடக் கல்வி நோக்கத்துக்குள் அடங்கும் என்று நேரடி வரிகள் வாரியம் 2023இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே சரியான குறியீட்டைக் குறிப்பது சட்டப்படியும் சரி, சட்டைப் பைக்கும் நல்லது. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுபவை. அனுப்பும் நாளில் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது நாணயத்தாளாக எடுத்துச் செல்ல ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அனுமதி உண்டு. 300 யூரோ போதும் என்பது என் கருத்து. மீதியை யூரோவில் ஏற்றிய பயண அட்டையில் வைத்துக்கொள்ளலாம். ரூபாய்க் கணக்கின் டெபிட் அட்டையை அங்கே தேய்த்தால் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கூடுதல் கட்டணம் சேரும். கடையிலுள்ள இயந்திரம் 'ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா' என்று அன்போடு கேட்கும். யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த இயந்திரத்தின் பக்கத்தவர். 2024 பிப்ரவரியில் ஈஃபில் கோபுரத்தின் நுழைவுச்சீட்டை யூ.பி.ஐ. வழியாக வாங்கும் வசதி வந்ததைப் பெருமையோடு படித்தோம். லில் நகரத்து ரொட்டிக் கடையில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வீடும் வங்கிக் கணக்கும்

பள்ளியின் சொந்த விடுதியில் இடம் கிடைத்தால் வேறெதையும் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிடைக்காதபோதுதான் இந்தப் பகுதி தேவைப்படுகிறது.

பிரெஞ்சு வீட்டு உரிமையாளர்கள் ஜாமீன்தாரர் கேட்பார்கள். பிரான்சில் சம்பளம் பெறும் ஒருவர், வாடகையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். நம் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். இதற்கு 'விசால்' என்ற ஒரு பொது உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 30 வயது வரையிலான இளைஞர்களும் மாணவர்களும் இணையத்தில் விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பெற்றுவிட வேண்டும் என்பது முக்கியம்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 'பாய் மொபிலித்தே' என்றொரு ஒப்பந்த வகை நடைமுறைக்கு வந்தது. மாணவர், பயிற்சியாளர் போன்றோருக்காக, ஒன்று முதல் பத்து மாதம் வரையிலான காலத்துக்கு, பொருள்கள் உள்ள வீட்டை வாடகைக்கு விடும் ஒப்பந்தம் அது. அதில் முன்பணம் கேட்கவே கூடாது. நான்கு மாத மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. எல்லா உரிமையாளரும் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. நம் கதையின் மாணவிக்கும் அது கிடைக்கவில்லை. மாணவர்களுக்கான ஒன்பது மாத ஒப்பந்தத்தில்தான் அறை கிடைத்தது. இடையில் காலி செய்யலாம். ஆனால் ஒரு மாத அறிவிப்புத் தர வேண்டும். அந்த ஒரு மாதம், பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரிமையாளர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். டிசம்பர் 20 காலி செய்ய வேண்டுமென்றால் நவம்பர் 20க்குள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்வு நெருக்கடியில் மறக்கக்கூடிய தேதி இது. மறந்தால் ஆளில்லாத அறைக்கு வாடகை.

சாவி வாங்கும் நாளில் 'எதா தே லியு' என்ற நிலைப்பட்டியலை இரு தரப்பும் சேர்ந்து தயாரிப்பார்கள். சுவர், தரை, குழாய், கட்டில் என்று ஒவ்வொன்றின் நிலையும் எழுதப்படும். காலி செய்யும் நாளில் அதே பட்டியலோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள்ளும், இருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நம்மவர்கள் கூச்சத்தால் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிடுவார்கள். பழைய கீறல்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வாடகை பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்தப்படுகிறது. பயண அட்டை அதற்கு உதவாது. கணக்குத் தொடங்க வங்கி முகவரிச் சான்று கேட்கும். முகவரி தரும் வீட்டு உரிமையாளரோ கணக்கு விவரம் கேட்பார். 'ரிப்' என்று அவர்கள் சொல்லும் அந்தச் சிறு தாளில் 27 இலக்க எழுத்துகள் கொண்ட கணக்கு எண் இருக்கும். பிரான்சில் அது இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. இந்தச் சுழலிலிருந்து வெளியேறப் பள்ளியின் சர்வதேச அலுவலகம் உதவும். தற்காலிகத் தங்குமிடத்தின் சான்றையும் பல வங்கிகள் ஏற்கும். எந்த வங்கியும் மறுத்தால், பிரான்சின் மத்திய வங்கியை அணுகலாம். சட்டப்படி வசிப்பவருக்குக் கணக்கு வைத்திருக்கும் உரிமை உண்டு. மத்திய வங்கியே ஒரு வங்கியைக் குறித்துத் தரும்.

அந்நாட்டுக் குடும்பநல நிதியத்தின் வாடகை உதவித்தொகை பற்றி மூத்த மாணவர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள். முதல் மாதத்துக்கு அது வழங்கப்படுவதில்லை. கோப்பு நகரவும் நாளாகும். யாருக்கு உண்டு என்ற விதியும் மாறுவது. செலவுத் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. வேறொரு மாணவர், இணைய விளம்பரத்தில் கண்ட அறைக்கு 1,500 யூரோ அனுப்ப வந்தார். உரிமையாளர் வேறு நாட்டில் இருக்கிறாராம். பணம் வந்ததும் சாவியைத் தூதஞ்சலில் அனுப்புவாராம். ஒரு நாள் பொறுத்து, அந்த முகவரியைப் பள்ளியின் குடியிருப்பு அலுவலகத்திடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்படி ஓர் அறையே அங்கு இல்லை. வெளிநாட்டுத் தனிநபர் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பெறுவது அநேகமாக இயலாத காரியம். ஒப்பந்தமும் நேரில் பார்வையும் இல்லாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். முதல் பத்து நாட்கள் விடுதி அறையில் தங்கித் தேடுவது செலவு போலத் தெரியும். உண்மையில் அது காப்பீடு.

பதின்மூன்று மதிப்பெண்

அக்டோபரில் தந்தை மறுபடி வந்தார், முகவாட்டத்தோடு. மகளுக்கு ஒரு பாடத்தில் 20க்கு 13. பள்ளி நாளிலிருந்து 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காத பெண்.

பிரெஞ்சு மதிப்பெண் முறையில் 10 பெற்றால் தேர்ச்சி. 12க்கு மேல் 'ஓரளவு நன்று', 14க்கு மேல் 'நன்று', 16க்கு மேல் 'மிக நன்று'. 18 என்பது அரிதினும் அரிது. ஆகவே 13 என்பது கௌரவமான மதிப்பெண். நம் நிறுவனங்கள் பலவும் பரிமாற்றப் பருவத்தின் மதிப்பெண்களைத் தரவரிசைச் சராசரியில் சேர்ப்பதில்லை, தேர்ச்சியை மட்டும் பார்க்கின்றன. இதைப் புறப்படும் முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு பருவத்துக்கு 30 ஐரோப்பியத் தரப்புள்ளிகள். ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. சொந்த நிறுவனம் எத்தனை புள்ளிகளை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தால் திரும்பி வந்து ஈடுசெய்ய நேரிடும், வேலைவாய்ப்பு நேர்காணல்கள் நடக்கும் அதே மாதங்களில்.

வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் மருந்துக் கடை, மின்கட்டணம், வீட்டு ஒப்பந்தம், காவல் நிலையம் எல்லாம் பிரெஞ்சில். புறப்படும் முன் அலியான்ஸ் பிரான்சேஸில் இரண்டு மாதம் படித்தால்கூட வேறுபாடு தெரியும். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லாமல் விலை கேட்டால் விற்பனையாளர் முகம் சுளிப்பார் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். உடல்நலம் குன்றினால் பொது மருத்துவர் கட்டணம் 2024 டிசம்பர் முதல் 30 யூரோ. முதலில் நாம் செலுத்த வேண்டும். மாணவர்கள் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பதிவு முடிய வாரங்கள் ஆகும் என்பதால் இங்கிருந்தே எடுத்த பயணக் காப்பீடு முதல் மாதங்களுக்கு அவசியம். கறிவேப்பிலைக்கு வழி கேட்டால்: பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக உள்ளன, லில்லிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்.

எதைப் பெற்றார் என்று கேட்டால், அவரே சொன்னதைச் சொல்கிறேன். குழுப் பணியில் அவருடன் இருந்த நான்கு பேரும் நான்கு நாட்டவர். அவர் தயாரித்த அறிக்கையைப் படித்த ஒருவர், 'இது சரியில்லை' என்று நேரடியாகச் சொல்லிவிட்டு, மதிய உணவுக்கு அழைத்துப் போனாராம். முதல் வாரம் அழுதிருக்கிறார். மூன்றாம் மாதம், 'இது சரியில்லை' என்று அவரும் சொல்லப் பழகியிருக்கிறார். நடைமுறைப் பலனும் ஒன்று உண்டு. முதுநிலைப் பட்டம் பெற்று, பிரான்சில் ஒரு பருவமாவது படித்த இந்தியருக்கு ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் குறுகியகால ஷெங்கன் விசா வழங்கப்படும் என்று 2023 ஜூலையில் பிரான்ஸ் அறிவித்தது. வணிகத் துறையில் பணிபுரியப் போகிறவருக்கு இது சிறிய பலன் அன்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இங்கே இல்லாதவர், சொந்த நிறுவனத்தின் சில நல்ல விருப்பப் பாடங்களை இழக்கிறார். வளாக நேர்காணலுக்கான ஆயத்தக் குழுக்களிலும் இருக்க மாட்டார். வார இறுதிதோறும் ஒரு நாடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அதற்காகக் கடன் வாங்கச் சொல்லி ஒரு வங்கி அலுவலராக நான் பரிந்துரைக்க மாட்டேன். அவசரத் தேவைக்கென்று வைத்திருக்கும் ஒரே வைப்புநிதியை உடைக்கும் நிலையிலுள்ள குடும்பத்திடமும், இந்தப் பருவம் இல்லாமலே பட்டம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

முன்பணம்

டிசம்பர் மூன்றாம் வாரம் அந்தப் பெண் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். உடன் படித்த சிலர் புறப்படும் அன்றே அங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிட்டார்கள். முன்பணம் திரும்பி வரும் வரை மூடக் கூடாது என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். கணக்கு மூடப்பட்டிருந்தால், உரிமையாளர் அனுப்பும் தொகை திரும்பிப் போய்விடும். பின்னர் இந்தியக் கணக்குக்கு அனுப்பும்படி வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜனவரி முழுவதும் எதுவும் வரவில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம் 1,140 யூரோ வந்தது. அதை இங்கே அனுப்பி, வைப்புநிதியின் பேரிலான கடனை முடித்தார்கள். ரசீதின் மீதிருந்த பற்றுரிமைக் குறிப்பை நீக்கித் தரத் தந்தை வந்திருந்தார். குறைந்துபோன 60 யூரோவைப் பற்றிக் கேட்டேன். சுவரில் ஓர் ஆணித் துளையாம். நிலைப்பட்டியலில் இல்லாத துளை. பூச்சு வேலைக்கான ரசீதையும் உரிமையாளர் இணைத்து அனுப்பியிருந்தார்.

"எதற்கு ஆணி அடித்தாளாம்?" என்றேன்.

"காலண்டர் மாட்டத்தான் சார்," என்றார் அவர். "நீங்கள் ஜனவரியில் கொடுத்தீர்களே, உங்கள் வங்கிக் காலண்டர்."